பூனைக்குப் பசியா, பழக்கமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், வேலந்தாவளத்திலிருந்து கொழிஞ்சாம்பாறை போகிற சாலையோரம், தென்னந்தோப்புக்கு நடுவே எங்கள் வீடு. வீட்டில் மூன்று பூனைகள். கிழவி செம்பி, கடுவன் குட்டன், இன்னும் பெயர் நிலைக்காத ஒரு குட்டி. நான் மாட்டு டாக்டர் இல்லை, பூனை டாக்டரும் இல்லை. பதினைந்து வருடமாகப் பூனைகளுக்குச் சோறு வைக்கிறவள், அவ்வளவுதான். அக்கம்பக்கத்தில், தமிழ் வீட்டிலும் மலையாள வீட்டிலும், என்னைப் பார்த்தால் கேட்கிற கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

பசித்தால் பூனை என்னவெல்லாம் செய்யும்?

குட்டனைச் சொல்கிறேன். சாயங்காலம் ஐந்தரை ஆனால் திண்ணையிலிருந்து இறங்குவான். வாலைக் கொடிக்கம்பம் மாதிரி நிமிர்த்திக்கொண்டு எனக்கு முன்னால் நடப்பான். இரண்டு அடி போய்த் திரும்பிப் பார்ப்பான், நான் பின்னால் வருகிறேனா என்று. அடுக்களை வாசலில் நின்று ஒரு சின்ன ‘ம்ர்ர்’. தன்னுடைய சிரட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முதலில் சிரட்டையைப் பார்ப்பான், அப்புறம் என் முகத்தை, அப்புறம் மீன் சட்டி இருக்கும் மேடையை. நாக்கால் ஒரு முறை மூக்கைத் துழாவுவான். அதற்கும் நான் அசையவில்லை என்றால்தான் வாயைத் திறந்து கத்துவான்.

இந்த வரிசை முக்கியம். கத்தல் கடைசியில்தான் வருகிறது. முதல் நான்கைந்து சைகையைக் கவனிக்காத வீட்டில் பூனை நாளடைவில் அவற்றை விட்டுவிட்டு நேராகக் கத்தலுக்கே வந்துவிடும். ‘எங்க பூனை சரியான கத்தல்காரி’ என்று சொல்கிறவர்கள் வீட்டில் அந்தப் பழக்கத்தை ஏற்படுத்தியது பெரும்பாலும் அவர்களேதான்.

வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் ‘மியாவ்’ என்று பேசிக்கொள்வது அபூர்வம். குட்டி தாயிடம் கத்தும், பூனை மனிதரிடம் கத்தும். அதாவது நம்மைத் தாய் ஸ்தானத்தில் வைத்துத்தான் அது சத்தம் போடுகிறது. கோபம் வரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

காலை உரசினால் பசி என்று எடுத்துக்கொள்ளலாமா?

அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கன்னத்திலும் நெற்றியிலும் வாலடியிலும் பூனைக்கு வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. உரசி உரசித் தன் வாசனையை நம்மேல் ஏற்றுகிறது. ‘நீ எங்க வீட்டு ஆள்’ என்று முத்திரை குத்துகிற வேலை. நாம் வெளியே போய் வந்தவுடன் உரசினால் அது வரவேற்பு. அடுக்களைக்குள் மட்டும் உரசினால் வேறு கதை.

குர்குர் என்று சொல்வது சந்தோஷத்தில்தானே?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2009இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரன் மெக்கோம்பும் அவருடைய குழுவினரும் இதை ஆராய்ந்தார்கள். சாப்பாடு கேட்கும்போது சில பூனைகள் போடும் குர்குருக்குள் ஒரு மெல்லிய, உச்சமான அழுகை ஒலி ஒளிந்திருக்கிறது. கைக்குழந்தையின் அழுகை இருக்கும் அலைவரிசைக்குப் பக்கத்தில் அது வருகிறது. பூனையே வளர்க்காத ஆட்கள் கேட்டபோதும் ‘இது ஏதோ அவசரமாகக் கேட்கிறது’ என்றுதான் சொன்னார்கள்.

மடியில் தூங்கும்போது செம்பி போடும் சத்தம் பழைய மிக்ஸி தூரத்தில் ஓடுவதுபோல ஒரே சீராக இருக்கும். விடியற்காலையில் என் காதோரம் வந்து போடுகிற குர்குரில் ஒரு நெளிவு இருக்கும், தூக்கம் கலைந்தே தீரும். ஒரு வாரம் காது கொடுத்துக் கேளுங்கள், வித்தியாசம் பிடிபடும்.

இன்னொன்று: வலியில் இருக்கும் பூனையும் குர்குர் என்னும். சுருண்டு படுத்து, சோற்றைத் தொடாமல் குர்குர் என்றால் அதைச் சந்தோஷக் கணக்கில் எழுதாதீர்கள்.

விடியற்காலை நாலரைக்கு எழுப்பி உயிரை எடுக்கிறது. அவ்வளவு பசியா?

பாதி பசி, பாதி நீங்கள் கற்றுக்கொடுத்தது. விடியலிலும் அந்தியிலும் சுறுசுறுப்பாக இருப்பது பூனையின் பிறவிக் குணம். எலியும் அந்த நேரத்தில்தான் நடமாடும். அது எழுப்பியதும் நீங்கள் எழுந்து போய் ஒரு பிடி போடுகிறீர்கள். ‘முகத்தைத் தட்டினால் சோறு வரும்’ என்று அது கணக்குப் போட்டுக்கொள்கிறது.

இரவு நீங்கள் படுக்கப் போகும் முன் கடைசி வேளையை வையுங்கள். அதற்கு முன் பத்து நிமிடம் ஒரு கயிற்றை இழுத்து விளையாட்டுக் காட்டினால் இன்னும் நல்லது. காலையில் எழுந்தவுடன் வைக்காதீர்கள். பல் தேய்த்து, பால் வாங்கி வந்து, அடுப்பு பற்றவைத்த பிறகு வையுங்கள். எழுவதற்கும் சோற்றுக்கும் இருக்கிற முடிச்சு அவிழ வேண்டும். முதல் நான்கைந்து நாள் முன்பைவிட அதிகமாகக் கத்தும். மனம் இளகி ஐந்தாம் நாள் எழுந்துவிட்டால், ‘இன்னும் பலமாகக் கத்தினால் கிடைக்கும்’ என்று பாடம் நடத்தியதாகிவிடும். எங்கள் வீட்டில் அப்படி மூன்று முறை தோற்றுத்தான் நாலாவது முறை ஜெயித்தோம். தோற்றது நானில்லை, என் வீட்டுக்காரர்.

எத்தனை வேளை, எவ்வளவு?

ஒரு சுண்டெலியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் சுமார் 30 கலோரி இருக்கும். 4 கிலோ எடையுள்ள பூனைக்கு ஒரு நாளைக்கு 200 முதல் 250 கலோரி வேண்டும். அப்படியானால் எட்டு எலி. அதன் வயிறே அப்படிச் சின்னச் சின்னதாகப் பல வேளை சாப்பிட அமைந்தது. ஒரே வேளை மலைபோலக் குவித்தால் பாதி சாப்பிட்டு நகரும், மீதியில் எறும்பு ஏறும். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி வந்து கேட்கும். இதைத்தான் ‘எவ்வளவு போட்டாலும் பத்தலை’ என்கிறார்கள்.

வளர்ந்த பூனைக்கு இரண்டு வேளை குறைந்தபட்சம், மூன்று நான்காகப் பிரித்தால் நல்லது. நாலு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு நாலு வேளையாவது வேண்டும். குட்டி கத்தினால் பழக்கம் என்று ஒதுக்காதீர்கள், அநேகமாகப் பசிதான். உலர் பாக்கெட் உணவு கொடுப்பவர்கள் முதல் நாள் மட்டும் மளிகைக்கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். நாளைக்கு ஐம்பது ஐம்பத்தைந்து கிராம் போதும் என்கிற இடத்தில் நம் கை நூறு அள்ளியிருக்கும்.

கருத்தடை செய்த பூனைக்குப் பசி கூடும், ஆனால் தேவை குறையும். ஆபரேஷன் முடிந்து ஒரு மாதத்தில் குட்டன் கேட்ட சோற்றையெல்லாம் போட்டிருந்தால் இன்றைக்கு அவன் அம்மிக்கல் மாதிரி உருண்டிருப்பான்.

மார்ச், ஏப்ரலில் நம் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது பகலில் குறைவாகத்தான் சாப்பிடும். அதிகாலையிலும் இரவிலும் வைத்தால் சரியாகிவிடும்.

அது சொல்வதை நம்ப முடியாது என்றால், எதைத்தான் நம்புவது?

கையை. முஷ்டியை மடக்கி, விரல் முட்டிகளை இன்னொரு கையால் தடவிப் பாருங்கள். பூனையின் விலா எலும்பு அப்படித் துருத்தினால் மெலிந்திருக்கிறது. இப்போது விரல்களை நீட்டிப் புறங்கையைத் தடவுங்கள். எலும்பு மெல்லிய தோலுக்கடியில் தெரிகிறதல்லவா, விலா அப்படி இருந்தால் சரியான உடம்பு. உள்ளங்கை மாதிரி மெத்தென்று இருந்து, அழுத்தினால்தான் எலும்பு அகப்படுகிறது என்றால் கொழுப்பு. மேலிருந்து பார்த்தால் இடுப்பில் லேசான வளைவு தெரிய வேண்டும். அடிவயிற்றில் தொங்கும் தோல் பை பல பூனைகளுக்கு இயல்பாகவே உண்டு, அதைத் தொப்பை என்று எண்ணிச் சோற்றைக் குறைக்காதீர்கள்.

மாதம் ஒரு முறை எடை பாருங்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு நீங்கள் தராசில் ஏறுங்கள், பிறகு தனியாக ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். நம்முடைய எடை தெரிந்துபோகும் என்பது ஒரு சங்கடம்.

மூன்று வீட்டில் சாப்பிட்டுவிட்டு நம் வீட்டில் பட்டினி கிடந்ததுபோல் நடிக்கிறதே?

நடிப்பு என்று சொல்ல மாட்டேன், அது அதன் பிழைப்பு. குட்டனுக்குப் பக்கத்து வீட்டில் ‘சுந்தரன்’ என்று பெயர். அங்கே சேச்சி (மலையாளத்தில் அக்கா) காலையில் அவித்த அயிலை மீன் வைக்கிறார் என்பது எனக்கு ஒன்றரை வருடம் கழித்துத்தான் தெரியும். கழுத்தில் காகிதப் பட்டை சுற்றி, தமிழிலும் மலையாளத்திலும் ‘நான் சாப்பிட்டாச்சு, நீங்கள் என்ன வைக்கிறீர்கள்?’ என்று எழுதி அனுப்பினேன். மாலையில் திரும்பி வந்தபோது பட்டையில் பதில் இருந்தது: இரண்டு வேளை, மீன். தோப்புக்கு அந்தப் பக்கமிருந்து இன்னொரு கையெழுத்தில்: கோழித் தோல்.

இப்போது சேச்சி காலை, நான் மாலை என்று பேசி வைத்திருக்கிறோம். தோப்புக்காரர் மட்டும் இன்னும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. பட்டை கட்டுவதாக இருந்தால் இழுத்தால் அறுந்துவிடுகிற காகிதமே கட்டுங்கள். நைலான் கயிறு வேலியில் மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும்.

பசிக்கிறது என்றால் பால் ஊற்றினால் போதாதா?

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் இருந்துகொண்டு பாலைக் குறை சொல்ல எனக்கே வாய் கூசுகிறது. பால் சொசைட்டி வாசலில் கேன் கழுவுகிற இடத்தில் நாலு பூனை உட்கார்ந்திருக்காத ஊர் இங்கே இல்லை. ஆனால் தாய்ப்பால் மறந்த பிறகு பெரும்பாலான பூனைகளுக்குப் பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் சக்தி குறைந்துவிடும். ஊற்றினால் ஆசையாகக் குடிக்கும், அப்புறம் வயிற்றால் போகும். பால் குடித்து வயிறு உப்பி உட்கார்ந்த பூனைக்குச் சத்து ஏறவில்லை, பசி தள்ளிப்போயிருக்கிறது. தாயில்லாக் குட்டிக்குப் பூனைக்குட்டிக்கென்று விற்கும் பால்மாவைக் கேட்டு வாங்குங்கள்.

இனிப்புப் பாலைத்தான் விரும்புகிறது என்று ஒருவர் சொன்னார். பூனைக்கு இனிப்பே தெரியாது. இனிப்பைப் பிடிக்கும் மரபணு அதற்கு வேலை செய்வதில்லை என்று 2005இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அது விரும்புவது பாலின் கொழுப்பை.

சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறோம். 41 நாள் வீட்டில் கவிச்சி கிடையாது. தயிர்சோறு போட்டால் தின்கிறது, ஆனாலும் கத்துகிறது. ஏன்?

கார்த்திகையிலும் புரட்டாசியிலும் எனக்கு அதிகம் வருகிற கேள்வி இது. வயிறு நிறைகிறது, உடம்பு நிறையவில்லை. பூனை முழுக்க முழுக்க மாமிசம் தின்கிற பிராணி. டாரின் என்கிற சத்தை அதன் உடம்பால் போதுமான அளவு தயாரித்துக்கொள்ள முடியாது, இறைச்சியிலும் மீனிலும் இருந்துதான் வர வேண்டும். அது மாதக்கணக்கில் கிடைக்காவிட்டால் கண்ணின் விழித்திரை கெடும். இதயத் தசை தளர்ந்து வீங்கும் என்பது 1987இல் தெரியவந்தது. அதற்குப் பிறகுதான் பாக்கெட் உணவில் டாரினைக் கூட்டிச் சேர்க்கத் தொடங்கினார்கள்.

41 நாளில் கண் போய்விடாது, பயப்பட வேண்டாம். ஆனால் இளைக்கும், பக்கத்து வீட்டுச் சட்டியை உருட்டும், பல்லி, ஓணான் என்று பிடித்து வரும். விரதம் உங்களுக்குத்தான், அதற்கு இல்லை. உலர் பாக்கெட் உணவை வீட்டுக்கு வெளியே, மாட்டுக் கொட்டகைப் பக்கம் ஒரு தட்டில் வையுங்கள். அடுக்களைக்குள் வர வேண்டியதே இல்லை. எங்கள் மாமியார் ஆசாரம் ரொம்பப் பார்ப்பார். அவரே கடைசியில், ‘அது மாலை போட்டுச்சா என்ன?’ என்று சொல்லிவிட்டார்.

மத்தி மட்டும்தான் தின்னும். மீன் கிடைக்காத நாளில் பட்டினியே கிடக்கிறது. என்ன செய்ய?

ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை, 52 நாள், கேரளாவில் ட்ராலிங் தடை, அதாவது விசைப்படகில் இழுவலை போட்டு மீன் பிடிக்கக் கூடாது. கடற்கரையிலிருந்து நம் பக்கம் மீன் கொண்டு வருகிற எம்80 வண்டியின் ஹாரன் சத்தமே குறைந்துவிடும். வந்தாலும் மத்தி விலை கேட்டால் பூனைக்கு வாங்க மனசு வராது. அப்போதுதான் இந்தப் புகார் வருகிறது. இது அடம் என்று நினைக்காதீர்கள். ஒரே சாப்பாட்டில் வளர்ந்த பூனைக்கு மற்றதெல்லாம் சாப்பாடாகவே தோன்றாது. பசி எடுக்கும், மணந்து பார்க்கும், திரும்பிவிடும்.

மே மாதத்திலேயே தொடங்குங்கள். வழக்கமான மீனில் ஒரு விரல் நுனி அளவு அவித்த கோழியை உதிர்த்துப் பிசையுங்கள். நாலு நாளைக்கு ஒரு தரம் கோழியைக் கூட்டி மீனைக் குறையுங்கள். சூடு ரொம்ப முக்கியம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததை அப்படியே வைத்தால் மணமே எழாது. அப்போது பிடித்த எலியின் சூடு எப்படியோ அப்படி இருக்க வேண்டும், அதாவது கையில் தொட்டால் இளஞ்சூடு. என் அனுபவத்தில் பாதிப் பூனைகள் சாப்பிடாததற்குக் காரணம் சாப்பாடில்லை, அதன் குளிர்ச்சி.

மீனைப் பச்சையாகவே போடுவது நல்லதில்லை. சில மீன்களில் தயமின் என்கிற வைட்டமின் சத்தை அழிக்கிற பொருள் இருக்கிறது, அவித்தால் அது அடங்கிவிடும். முள்ளை எடுத்துவிடுங்கள். மீன்குழம்புச் சோறு வேண்டவே வேண்டாம். சின்ன வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களை உடைக்கும். நம் பக்கத்துக் குழம்பில் அவை இரண்டும் இல்லாமல் எது இருக்கிறது?

தட்டைச் சுற்றித் தரையைச் சுரண்டுகிறதே, பிடிக்கவில்லையா?

மீதியைப் புதைத்து ஒளித்து வைக்கிற பழைய பழக்கம். மொசைக் தரையில் அது நடக்காது என்று அதற்குத் தெரியாது. அளவு கொஞ்சம் கூடிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இரவு பகலாகக் கத்துகிறது, சோறு வைத்தால் தொடவில்லை. பசியா இல்லையா?

பெட்டையா, கருத்தடை செய்யாததா, ஐந்தாறு மாதம் ஆகிவிட்டதா? அப்படியானால் அது பருவத்துக்கு வந்திருக்கிறது. தரையில் புரளும், முதுகைத் தொட்டால் பின்பக்கத்தைத் தூக்கும், வாலை ஒரு பக்கம் ஒதுக்கும், சோற்றில் நாட்டம் இருக்காது. பாலை ஊற்றி, மீனை வைத்து, கடைசியில் அடித்தும் பார்த்த வீடுகளை எனக்குத் தெரியும். எந்தப் பக்கம் பார்த்துக் கத்துகிறது என்று கவனியுங்கள். பசிக் கத்தல் உங்கள் முகத்தைப் பார்த்து வரும். இந்தக் கத்தல் ஜன்னலைப் பார்த்து வரும்.

அப்படி இல்லாமல், தட்டுக்கு ஓடி வருகிறது, ஒரு வாய் கடிக்கிறது, தலையை உதறிக்கொண்டு விலகுகிறது, மறுபடி வருகிறது என்றால் பல்லில் அல்லது ஈறில் வலி. வாய் நாறும், எச்சில் ஒழுகும். பசி இருக்கிறது, தின்ன முடியவில்லை. சளி பிடித்து மூக்கடைத்தாலும் மணம் தெரியாமல் சாப்பிடாது.

நன்றாகத் தின்கிறது, ஆனாலும் இளைத்துக்கொண்டே போகிறது.

குட்டியானால் முதலில் குடற்புழு. தாய்ப்பால் வழியாகவே வந்துவிடும். வயிறு மட்டும் பானைபோல, மற்ற இடம் எலும்பு. மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது, ஆட்டுக்கு வாங்கியதில் பாதியைக் கொடுக்காதீர்கள். பத்து வயது தாண்டியது என்றால் தைராய்டு அதிகமாகச் சுரப்பதாக இருக்கலாம். ஓயாமல் கேட்கும், இரவில் காரணமில்லாமல் கத்தும், மயிர் பரட்டையாகும். தண்ணீரும் நிறையக் குடித்து, மூத்திரமும் நிறையப் போனால் சர்க்கரை நோயாக இருக்கலாம். மூன்றுக்கும் சிகிச்சை உண்டு.

சாப்பிடாமல் எத்தனை நாள் விடலாம்?

இதை இன்னும் மேலே எழுதியிருக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லை என்றால் மறுநாள் ஆஸ்பத்திரி. குட்டியானால் அரை நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

மூன்று வருடத்துக்கு முன் துலா மழை, அதாவது ஐப்பசி மழை சமயம். செம்பி அப்போது நல்ல குண்டு. கத்துகிற குட்டனையே பார்த்துக்கொண்டிருந்ததில், கத்தாத செம்பியைக் கவனிக்கவில்லை. தையல் மிஷினுக்கு அடியில் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டில் தின்றிருப்பாள் என்று நான் நினைத்தேன். எங்கள் வீட்டில் தின்றிருப்பாள் என்று சேச்சி நினைத்திருக்கிறார். மூன்றாம் நாள் தூக்கும்போதுதான் பார்த்தேன், காதின் உள்புறம் மஞ்சள் தேய்த்ததுபோல் இருந்தது. ஈறும் அப்படியே. முதலில் காட்டிய இடத்தில் பசி டானிக் கொடுத்து அனுப்பினார்கள். இரண்டாவது இடத்தில்தான் ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது என்று சொன்னார்கள். குண்டுப் பூனை திடீரென்று சாப்பாட்டை நிறுத்தினால் உடம்புக் கொழுப்பு கரைந்து மொத்தமாக ஈரலுக்கு வரும். ஈரலால் அதைச் சமாளிக்க முடியாது. கழுத்தில் குழாய் வைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் கூழாக்கிய உணவை நாளைக்கு ஆறு முறை, மூன்று வாரம் ஏற்றினேன். பிழைத்தாள்.

நடுவில் யாராவது ‘காய்ச்சலா இருக்கும், பாரசிட்டமால் கால் மாத்திரை கொடு’ என்பார்கள். கொடுக்காதீர்கள். மனிதருக்கான ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். நம் பக்கம் மாட்டாஸ்பத்திரிகளில் பூனையும் பார்ப்பார்கள். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று தேவைப்பட்டால் திருச்சூர் மண்ணுத்தியில் கேரள கால்நடைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனை இருக்கிறது.

இரண்டு பூனைக்கு ஒரே தட்டு போதுமா?

போதாது. பலசாலி தின்பான், மற்றது ஓரத்தில் உட்கார்ந்து வேறெங்கோ பார்க்கும். பசிக்கவில்லை என்று நாம் நினைப்போம். ஒன்றை ஒன்று பார்க்க முடியாத இடத்தில் இரண்டு தட்டு வையுங்கள்.

கேட்டுக்கு வெளியே ஒரு தெருப் பூனை தினம் வந்து உட்காருகிறது. கத்துவதில்லை. வைக்கலாமா?

கத்தாமல் தூரத்தில் உட்கார்ந்து தட்டையே பார்ப்பது தெருப் பூனையின் பசி. மனிதரிடம் கத்திக் கேட்க அதற்குக் கற்றுக்கொடுக்க ஆளில்லை. வையுங்கள், தினம் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில். தின்னும்போது தடவப் போகாதீர்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே தடுப்பூசிக்குப் போய்விடுங்கள். ஒரு மாதம் போனால் கூடைக்குள் தட்டை வைத்துப் பழக்கலாம், கருத்தடைக்குத் தூக்கிப் போக வசதியாக இருக்கும். எங்கள் பெயர் நிலைக்காத குட்டி அப்படிக் கூடைக்குள் வந்ததுதான். இப்போது கூடையை எடுத்தாலே முதல் ஆளாக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, தட்டு எங்கே என்று பார்க்கிறது.